மோரிஸுக்கு வந்த பெரிய ஹெட்

"நாலு பேரு இருக்கோம்ல? நாலு பேரும் கேட்டுக்குங்க. பொண்ணு வூட்டுலேர்ந்து ஒரு ஆணி கூட வாங்க மாட்டேன்."

பெரம்பலூரில் வெள்ளைச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் அன்று இருந்தவர்கள்: இதைச் சொன்ன சிங்காரவேலு, பன்னிரண்டு நாளில் மாப்பிள்ளையாகப்போகும் அவர் மகன் தமிழ்மாறன், மெக்கானிக் வெள்ளைச்சாமி, அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த பெண்ணின் தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி. எதிரே பானட் திறந்து நின்றது, சிங்காரவேலுவின் தகப்பனார் 1953இல் வாங்கிய மோரிஸ் மைனர்.

"சீர் இல்லீங்க சம்பந்தி. தாலி கட்டுனதும் ரெண்டு பேரையும் ஒரு கார்ல அனுப்பி வெக்கிறேன், அவ்வளவுதான்."

"எங்க அண்ணி, என் வூட்டுக்காரி, தம்பி பொண்டாட்டி, எல்லாரும் இந்த வண்டியில வந்து எறங்குனவங்க. என் மருமவளும் இதுலதான் வரணும்."

"வரும்ப்பா. நான் பட்டு வேட்டியோட எறங்கித் தள்ளுனா வரும்" என்றான் தமிழ்மாறன்.

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். அவன் டயரைப் பார்த்தான்.

"தம்பி சொல்றது நெசங்க" என்றார் வெள்ளைச்சாமி. "நாலு பேரு ஏறுனா மேட்டுல நின்னுடுது. சின்ன எஞ்சின். பின்னாடி வருசத்துல வந்த மோரிஸ்ல பெரிய எஞ்சின் போட்டு விட்டாங்க. அந்த எஞ்சினுக்கு மேல்மூடியா இருக்குற சிலிண்டர் ஹெட்டை எடுத்து இதுல மாட்டுனா, வால்வு பெருசு, நல்லா இழுக்கும். ஆனா தேடாத எடமில்ல. கெடைக்கல."

கிருஷ்ணமூர்த்தி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

ஐந்தாம் நாள் ஹெட் வந்தது.

"ஏதுப்பா இது?"

"ஜெயங்கொண்டத்துல ஒரு பழைய இரும்புக் கடைங்க" என்றார் வெள்ளைச்சாமி.

சிங்காரவேலு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். வெள்ளைச்சாமி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு நட்டாக முறுக்கினார். மறுநாள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரஞ்சன்குடி வரை போய்த் திரும்பினார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை.

"எங்கப்பா வாங்குன வண்டிடா" என்றார் சிங்காரவேலு.

அரியலூரில் பெண் வீட்டுப் பந்தலிலேயே கல்யாணம் முடிந்தது. வாசலில் வெள்ளைச்சாமி மோரிஸைக் கிளப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த மணப்பெண் சிவரஞ்சனி, ஏறப்போனவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, நம்ம வண்டி மாதிரியே டிக் டிக்குன்னு சத்தம் வருதுப்பா!"

கிருஷ்ணமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். வெள்ளைச்சாமி ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

சிங்காரவேலு இருவரையும் பார்த்தார். வீட்டின் பக்கவாட்டில் கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே தார்ப்பாய் போர்த்தி ஒரு கார். நிச்சயதார்த்தத்தன்றும் அப்படித்தான் நின்றது. போய்த் தார்ப்பாயை விலக்கினார். அதுவும் மோரிஸ்தான். பானட்டைத் தூக்கினார். எஞ்சினின் மேல், ஹெட் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கோணிச் சாக்கு கட்டியிருந்தது.

பின்னால் கிருஷ்ணமூர்த்தி வந்து நின்றார்.

"பொண்ணு நடுவழியில நின்னுடக் கூடாதுங்க, சம்பந்தி. அவ்வளவுதான்."

சிங்காரவேலு பானட்டை மூடினார். தார்ப்பாயை இழுத்து நான்கு மூலையும் சரிசெய்தார். வாசலுக்கு வந்து கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறும்மா. நம்ம வண்டிதான்."

பெண் வீட்டில் சிங்காரவேலு கார் வாங்கிவிட்டார் என்று பெரம்பலூரில் இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

அது பொய். ஹெட் மட்டும்தான்.