மனசு விட்டுப் பேச

“கூச்சல் இல்லாத பார் ஒண்ணா பார்த்து விடுப்பா. நாங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசணும்,” என்றார் பின்சீட்டில் மனைவியோடு உட்கார்ந்திருந்த பெரியவர்.

டாக்சி டிரைவருக்கு மனசு குளிர்ந்தது. இந்தக் கடற்கரைக்கு வருகிற சின்னஞ்சிறுசுகளே ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தலை நரைத்த பிறகும் இப்படி ஒரு ஆசையா?

முதல் பாரில் டிரம்ஸ் காதைக் கிழித்தது.

“இங்க நான் பேசறது இவர் காதுல விழாது,” என்று அந்த அம்மா இறங்கவே இல்லை.

அடுத்த பாரில் டிவியில் மேட்ச்.

“இவர் கண்ணு அங்கேயே போயிடும். வேண்டாம்.”

கடைசியில் அலைச் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு சின்ன பார் அகப்பட்டது. காத்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

டிரைவர் மனைவிக்குப் போன் போட்டார். “இந்த வயசுலயும் என்ன ஒரு அன்னியோன்யம் தெரியுமா? நாமளும்தான் இருக்கோமே.”

மனைவி பதில் சொல்வதற்குள், பாருக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் அலையையும் மீறி வந்தது.

“கல்யாணமான புதுசுல உங்க அக்கா என் சமையலைப் பழிச்சப்ப நீங்க ஏன் வாயே திறக்கல?”

“நீ மட்டும் சும்மாவா இருந்த?” இது பெரியவர்.

வெகுநேரம் கழித்து இருவரும் தெளிந்த முகத்தோடு வந்து ஏறினார்கள்.

“தப்பா நினைக்காதப்பா,” என்றார் பெரியவர். “மகன் வீட்டுல பேரப்பிள்ளைங்க முன்னாடி சண்டை போட முடியல. அதான் டூர்னு சொல்லிட்டுக் கிளம்பி வந்தோம்.”

அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாளைக்கும் வந்துடுப்பா. இன்னிக்கு இவரோட அக்கா வரைக்கும்தான் முடிஞ்சுது. மாமியார் அப்படியே பாக்கி இருக்காங்க.”