மாப்பிள்ளை பக்கம்

சஹனுக்கு ஒரு ஆள் குறைந்தது.

ஆறு பேர் சேராமல் சஹனில் யாரும் கை வைப்பதில்லை. நான்கு இளைஞர்கள் பாயில் சம்மணமிட்டு, நடுவில் இருந்த பெரிய சஹன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோற்றின் மேல் முழுக் கோழி ஒன்று மல்லாந்து கிடந்தது. ஐந்தாவது ஆள், கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர், ஆறாவது ஆளைத் தேடி மண்டபம் முழுவதும் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸமீம் இனிப்பு வட்டலப்பத் தட்டோடு உள்ளே வந்தான்.

அவனுக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவன் ஊபர் ஓடுகிறவன். ஒஷாவாவில் ஏற்றிக்கொண்டு வந்து மண்டப வாசலில் இறக்கிவிட்ட குடும்பம், தட்டைப் பின் சீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தது. கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்தான்.

ஆனால் கையில் வட்டலப்பத்தோடு நுழைகிறவனை யார் ஊபர்காரன் என்று நினைப்பார்கள்? யாரோ தட்டை வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, வாங்க. ஒராள்தான் கொற. சோறு ஆறப் போகுது."

"இல்ல, நான் வந்து..." என்று தொடங்கினான் ஸமீம். அதற்குள் நெய்ச்சோற்று வாசம் மூக்கில் ஏறிவிட்டது. மீதிப் பேச்சு வரவில்லை.

கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. மனைவி ரிஸ்னாவும் பிள்ளைகளும் இன்னும் புத்தளத்தில்தான். மல்வேர்னில் ஒரு பேஸ்மன்ட் அறை. சமைத்தால் அடுப்பின் முன்னால் நின்றபடி, சட்டியிலிருந்தே சாப்பிடுவான். சமைக்காத நாளில் காருக்குள், சிவப்பு விளக்கு விழும் நேரங்களில். பசி அடங்கும். ஆனால் சாப்பிட்டது போல் இருக்காது. 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் 'போதும்' என்று சொல்லவும் வழியில்லை. அது அவனுக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

ஒரே ஒரு சஹன். நீ யார் என்று ஒருவரும் கேட்காமல் இருந்தால் போதும், உண்டுவிட்டுப் போய்விடலாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

கை கழுவத் தண்ணீர் வந்தது. பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள்.

சஹனில் அவரவர் தன் பக்கத்துச் சோற்றைத்தான் உண்ண வேண்டும். நடுவில் இருக்கும் கோழியை மூத்தவர் பிய்த்துப் பங்கு வைப்பார். பெரியவர் பிய்த்தார். முதல் தொடை ஸமீமின் பக்கம் வந்து விழுந்தது.

மூன்று வருடத்தில் அவன் பக்கத்துக்கு யாரும் எதையும் தள்ளி வைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. அச்சாறு உறைக்கிறது என்று சொல்லிச் சமாளித்தான்.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. எங்கோ யாரோ கார் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

பாதிச் சோறு இறங்கியிருக்கும். இளைஞர்களில் ஒருவன் வாய் நிறையச் சோற்றோடு கேட்டான்.

"அங்கிள், நீங்க மாப்புள ஸைடா, பொண்ணு ஸைடா?"

ஸமீம் வாயிலிருந்த சோற்றை விழுங்கினான். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். பெண் வீட்டார் மண்டபம் கொள்ளாமல் இருந்தார்கள். இந்தப் பாயிலிருந்து அந்தப் பாய்க்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நான்கு பேரும்கூடப் பெண்ணின் தம்பியுடைய கூட்டாளிகள், பிக்கரிங்கிலிருந்து ஒரே வேனில் வந்தவர்கள் என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் பொய் சொன்னால் உடனே பிடிபட்டுப் போவான்.

"மாப்புள பக்கம்," என்றான்.

"சொந்தமா?"

"சொந்தந்தான்."

பெரியவரின் கை கோழியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து ஸமீமைப் பார்த்தார். எழும்பு என்று சொல்லப்போகிறார் என்றே ஸமீம் நினைத்தான். வெட்கத்தில் காது சுட்டது.

 பெரியவர் தன் பக்கத்தில் கிடந்த ஈரலை எடுத்து அவன் பக்கம் வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். ஸமீமும் சாப்பிட்டான். பயத்தில் ருசி தெரியவில்லை.

சஹன் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு சப்பாத்தைத் தேடி ஓடினான். ஒரு காலை மாட்டியிருப்பான். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டு ஆட்களைப் படத்துக்கு வரச் சொல்லி.

பெண்ணின் மாமாமாரும் சாச்சாமாரும் மச்சான்மாரும் அணி அணியாக ஏறி, மாப்பிள்ளையோடு நின்று படம் எடுத்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். இப்போது மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள்.

ஸமீமின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அந்தப் பெரியவர்.

"மன்னிச்சுக்கங்க, நான்..."

அவர் காதில் வாங்கவில்லை. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் கால்மேஸுமாக அவனை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடையில் மாப்பிள்ளை மாலையோடு தனியாக நின்றான். ஸமீமை மேலும் கீழும் பார்த்தான்.

"இவர் யாரு வாப்பா?"

தான் பொய் சொன்னது மாப்பிள்ளையின் தகப்பனிடமே என்று ஸமீமுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்கட சொந்தம்," என்றார் பெரியவர்.

படம் எடுப்பவன் கமெராவைத் தாழ்த்தி, இன்னும் யாராவது வருவார்களா என்று படிக்கட்டைப் பார்த்தான். இவ்வளவுதான் என்று பெரியவர் கையைக் காட்டினார். மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் தான் நின்று, மறுபக்கம் ஸமீமை நிறுத்தினார். பிறகு மனம் மாறி, ஸமீமைத் தன் அருகிலேயே இழுத்துக்கொண்டார்.

கமெராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக் கலையாமல், உதட்டோரத்தால் மெல்லக் கேட்டார்.

"தம்பிட பேரென்ன?"