ஈரக் கைப்பிடி

அலெக்சாந்திரியாவில் மூன்றாம் நாளாகப் பாலைக்காற்று புழுதியை வாரி இறைத்தது. மனநல டாக்டர் ஷஹீராவின் அறைக்கு வந்த பதினைந்து வயது லுஜைனுக்கு ஆட்டிசம் உண்டு. ஆறு மாதமாகக் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே தோலுரியக் கை கழுவுகிறாள்.

“ஊரு சோப்பெல்லாம் இவ கையிலதான் கரையுது, டாக்டரம்மா,” என்றாள் தாய்.

“கழுவுறது உனக்குப் பிடிச்சிருக்கா, இல்ல பயத்துல கழுவுறியா?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள் ஷஹீரா.

“ரெண்டும் இல்ல. அருவருப்பு. கைப்பிடி நக்குது. கழுவலேன்னா என் ருசி அதுக்குப் பழகிடும்.”

ஷஹீரா அப்படியே எழுதிக்கொண்டாள். அருவருப்பதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பழகுவதுதான் சிகிச்சை; அதன் முதல் படியை டாக்டர்தான் செய்துகாட்ட வேண்டும். எழுந்துபோய் அறைக் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. உடனே கழுவத் தோன்றியது. ஆனால் பெண் பார்த்துக்கொண்டிருந்தாளே! கழுவாத கையாலேயே மதியத்துக்கு வைத்திருந்த தாமியா வடை வைத்த ரொட்டியைப் பிட்டுத் தின்றாள்.

“பாத்தியா? ஒண்ணும் ஆகல.”

“இனிமே அதுக்கு உங்க ருசி போதும்,” என்றாள் லுஜைன் நிம்மதியாக. கைப்பிடியைத் தானே பிடித்துக் கதவைத் திறந்துகொண்டு போனாள்; கழுவவில்லை. தாய் அழுதே விட்டாள்.

மாலையில் ஷஹீரா வீடு திரும்பினாள். படிக்கட்டு, கதவு, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் புழுதி அப்பியிருந்தது. கைப்பிடி மட்டும் பளபளத்தது. அவள் தொடுவதற்கு முன்பே அதன் நுனியிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.