பெட்டிக்குள் இறங்காத போர்டு

அப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள், டிவியோடு இணைக்கும் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி முடிக்க ஜாக்குலின் பறக்கிறாள். படுக்கையில் கிடந்த அவர் பார்க்க முடியாமல்போன, அவள் தங்கையின் கல்யாண வீடியோ ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. மதர்போர்டோ சின்னப் பெட்டிக்குள் இறங்காமல் இரண்டு விரல் அகலம் வெளியே நிற்கிறது. திருப்புகிறாள், சாய்க்கிறாள், ஒரு திருகுத் துளையும் சேரவில்லை. செல்போன் அடிக்கிறது. "கூடுவாஞ்சேரி தாண்டிட்டோம், ஆச்சா?" என்கிறான் அப்பாவை அழைத்துவரும் கணவன் சாம். "பொட்டி சின்னதா கீதுப்பா!" போனை வைத்துவிட்டு, வெறும் அட்டை மேல் போர்டைக் கிடத்தி ஒயர்களைச் செருகுகிறாள். பவர் பொத்தான் பெட்டியோடு போயிற்று. அந்தப் பொத்தானின் ஒயர் சேர வேண்டிய இரண்டு முட்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொடுகிறாள். குட்டி விசிறி உறுமுகிறது. சற்றைக்கெல்லாம் திரையில் தங்கை மாலையோடு நடந்து வருகிறாள். அதற்குள் வந்திறங்கி, சாமின் தோளைப் பிடித்தபடி வாசலில் நிற்கும் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சவுண்ட ஏத்தும்மா" என்கிறார்.