பத்தாவது குழாய்

பத்துக் குழாய்களும் கலங்கியிருந்தன.

கோவிந்தன் பத்தாவதை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கிருமி வளர்க்க ஊற்றிய கறிச்சாறு தெளிந்திருந்தால் கிருமி செத்தது. கலங்கியிருந்தால் உயிரோடு இருக்கிறது. ஆவடிப் பட்டாளத்து ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் இரண்டு வருஷமாக அவன் பார்க்கும் வேலை இது.

முதல் குழாயில் கிருமியைக் கொல்லும் சல்பா மருந்து ஒரு துளி. அடுத்ததில் கொஞ்சம் கூட. பத்தாவதில் எப்பேர்ப்பட்ட கிருமியும் சுருண்டுவிடும்.

சுருளவில்லை.

அது அவன் மனைவி சொர்ணத்தின் கால் புண்ணில் எடுத்த சீழ். பஞ்சில் ஒற்றி மறைத்துக்கொண்டு வந்து, நேற்று யாரும் பார்க்காதபோது குழாய்களில் விட்டிருந்தான். கள்ளிக்குப்பத்து வீட்டில் ஒரு வாரமாக அவளுக்கு அனல் காய்ச்சல்.

“என்னடா, குழாயை இப்படிப் பாக்கறே? சம்பந்தம் பேசப் போறியா?”

பின்னால் டாக்டர் ஜானகிராமன்.

“எங்க ஊர்க்காரி ஒர்த்தி சார். புண்ணு ஆறாம கீது. அதான் சும்மா...”

டாக்டர் குழாயைப் பிடுங்கிக் குலுக்கினார். முகம் மாறியது.

“யாரோ மாத்திரையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கான். தினம் கொஞ்சம் ஏத்திக் கிருமியைப் பழக்கி விட்டிருக்கான். முதல் நாளே முழுசாக் கொடுத்திருந்தா பட்டுனு போயிருக்கும். இனிமே மூட்டை மாத்திரை முழுங்கினாலும் கேக்காது. யாருடா அந்தப் பிரகஸ்பதி?”

“தெரியல சார்.”

திங்கட்கிழமை சொர்ணத்துக்குக் கால் மாத்திரை. செவ்வாய் அரை. புதன் முக்கால்.

பர்மா சண்டையில் அடிபட்டு வந்தவர்களுக்கே எண்ணிக் கொடுக்கும் மருந்து. யாராவது வருகிறார்களா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து திருடினான். அளவில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. குறைவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போவது. டாக்டரே அப்படித்தானே குழாய்களை அடுக்கச் சொல்லியிருந்தார்? மருந்துக்கு அதுதான் முறை என்று நினைத்தான்.

டாக்டருக்கு இப்போது கோபம் போய்ப் பரபரப்பு வந்திருந்தது. இப்படி ஒரு கிருமி இதுவரை அவர் கையில் சிக்கியதில்லை. குழாய் வாயில் புதுப் பஞ்சை அடைத்து அவனிடமே நீட்டினார்.

“ஆராய்ச்சிக்கு வேணும். வாரா வாரம் புதுச் சாறுக்கு மாத்தணும். உன் பொறுப்பு. என்ன ஆனாலும் இது சாகக் கூடாது, கோவிந்தா.”

கோவிந்தன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“சாவாது சார்.”