உடையாத கண்ணாடி

நிலநடுக்கத்துக்குப் பிறகு, முந்நூறு வருடப் பழமையான அந்த மண் வீட்டின் சுவர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்திருந்தேன். சுவர் இன்னும் நகர்ந்தால் அது உடையும். உடைந்தால், கட்டடங்களைச் சோதிக்க வந்த பொறியாளனாக நான் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். வெளியே கூடாரத்தில் குளிர் தாங்காமல் அந்த வாரம் இரண்டு பேர் செத்திருந்தார்கள். வீட்டுக்காரி தோல்மாவின் கணவனோ இடுப்பு ஒடிந்து அந்தச் சுவரோரமாகத்தான் படுத்திருந்தான்.

பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுசாக இருந்தது. நிம்மதியாக, 'குடியிருக்கலாம்' என்று சான்றிதழ்க் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தோல்மா டீ ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"உங்க கண்ணாடியும் உங்கள மாதிரியே நோஞ்சான்தாண்ணா. யாரும் தொடாமலே உடையுது. வந்து திட்டுவீங்களேன்னு, சாமி படத்துக் கண்ணாடிய அறுத்து அதே மாதிரி ஒட்டி வச்சேன்."

"எத்தன தடவ?"

"நாலு."

"அஞ்சுடி. இன்னிக்குக் காலையில உடைஞ்சத விட்டுட்டியே," என்ற அவள் கணவன், படுத்தபடியே அந்தக் காகிதத்துக்காக என்னிடம் கையை நீட்டினான்.