இரண்டு பொத்தான் பெட்டி

மணமுறிவு மனு போட்டவர்களுக்கு நீதிமன்றம் ஒரு பெட்டி கொடுத்தது. இரண்டு பொத்தான்கள், ஒரு சிவப்பு விளக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து அமுக்கினால்தான் விளக்கு எரியும். எரிந்தால் திருமணம் முடிந்தது. ஒருவர் மட்டும் அமுக்கினால் ஒன்றுமில்லை.

மாதையனும் சரளாவும் ஓசூரில் சர்க்யூட் போர்டு சோதிப்பவர்கள். இரண்டு பக்கமும் மின்சாரம் வந்தால் மட்டுமே திறக்கும் ‘ஆண்ட் கேட்’ அவர்களுக்கு அன்றாட வேலை.

அவர்களுக்குப் பெட்டியோடு கொடுத்த ஆறு மாதக் கெடு முடியும் நாளில் நீதிமன்ற ஊழியர் ரெஜினா வீட்டுக்கு வந்தார்.

“கடைசியா ஒருதடவை அமுக்குங்க.”

இருவரும் அமுக்கினார்கள். விளக்கு எரியவில்லை. ரெஜினா பெட்டியைத் திறந்து பார்த்தார். மாதையனின் பொத்தானிலிருந்து போகும் கம்பி வெட்டப்பட்டிருந்தது.

“நான்தான் மேடம். முதல் வாரமே வெட்டிட்டேன்” என்றான் மாதையன்.

“அப்ப இது?”

சரளாவின் கம்பியும் வெட்டப்பட்டு, முனையில் ஒழுங்காக டேப் சுற்றியிருந்தது. சரளா மின்விசிறியைப் பார்த்தாள்.

“ஒரு கம்பி போதுமேடி!”

“நீங்க வெட்டுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்புறம் ஏன் தீபாவளியன்னிக்குச் சண்டையில பொத்தான அவ்ளோ ஓங்கிக் குத்துன?”

“கம்பிதான் இல்லையே. தைரியமாக் குத்துனேன்.”

ரெஜினா சிரிக்காமல் கேட்டார்: “வண்டியில வேற பெட்டி இருக்கு. எடுத்துட்டு வரவா?”

“வேணாம் மேடம்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.